மூணு நாள் மாத்திரை!

நம்ம ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு பழக்கம். திங்கட்கிழமை தும்மல் வந்தால், செவ்வாய்க்கிழமை மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்பார்கள். 'அண்ணே, தொண்டை கரகரங்குது... அந்த மூணு நாள் மாத்திரை ஒண்ணு குடுங்க!' டாக்டர் ஃபீஸ் மிச்சமாம்!

அந்த மாத்திரையின் பெயர் அஸித்ரோமைசின். 1980-ல், அன்றைய யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரில் ப்ளிவா கம்பெனி கண்டுபிடித்தது. பாக்டீரியாவால் வரும் நிமோனியா, தொண்டைப் புண்ணுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஜலதோஷமும் ஃப்ளூவும் வைரஸ் செய்கிற வேலை. அங்கே இதன் பாச்சா பலிக்காது. கொரோனா சமயத்தில் ஊரே விழுங்கியதே, ஞாபகமிருக்கா? பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் சோதித்துவிட்டு, 2021-ல் 'பலன் இல்லை' என்று கையை விரித்துவிட்டார்கள்.

'பலன் இல்லேன்னா போகுது, கெடுதல் இல்லையே?' என்பீர்கள். நான் பி.காம். படித்தவன். வரவு இல்லை என்றால் அடுத்து செலவைத்தான் பார்ப்பேன்.

வயிற்றுப்போக்கு, குமட்டல் எல்லாம் சில்லறைச் செலவு. சிலருக்கு இதயத் துடிப்பே தாளம் தப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. இதயக் கோளாறு, பொட்டாசியம் குறைவு, ஈரல் தொந்தரவு, அலர்ஜி எது இருந்தாலும், வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாலும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு செலவு கூட்டு வட்டி மாதிரி. தேவையில்லாமல் விழுங்க விழுங்க, பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். நாளைக்கு உங்கள் குழந்தைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால், மருந்து வேலை செய்யாமல் போகலாம். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்கு இல்லை சார். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதே என்று அர்த்தம்!

டாக்டர் எழுதிக்கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், சொன்ன நாள் கணக்குப்படி. மாத்திரை தீர்ந்தாலும் மருந்து உடம்பில் சில நாள் தங்கி வேலை செய்யும். அதனால் 'எதுக்கும் இன்னும் ரெண்டு' வேண்டாம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை டபுளாகப் போடாதீர்கள். அசிடிட்டி மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, படபடத்து மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மாத்திரையை மாற்றிப் பார்க்காதீர்கள். டி.பி.யாகக்கூட இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மிச்சம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே பிடியுங்களேன்!