வானம் பார்த்த டப்பா

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பேஃபோர்ட்பரி வான்நோக்ககம். 2020 செப்டம்பரில் அங்கே தொலைநோக்கிக் கூண்டு ஒன்றின் மேல் கட்டிக்கிடந்த பழைய அலுமினிய டின்னைக் கழற்றினார்கள். ரெஜினா வால்கன்பர்க் என்ற நுண்கலை மாணவி 2012-இல் வைத்துவிட்டு மறந்துபோன டின் அது. பக்கவாட்டில் ஊசியால் குத்திய ஒரு துளை, உள்ளே சுருட்டி வைத்த ஒரு போட்டோ பேப்பர். மொத்தக் கேமராவும் அவ்வளவுதான். எட்டு ஆண்டும் ஒரு மாதமும் திறந்தே கிடந்த துளை வழியே 2,953 சூரியப் பாதைகள் அந்தத் தாளில் வில் வில்லாகப் பதிந்திருந்தன.

இப்படிப் பல மாதம் வெயில் வாங்கும் ஊசித்துளைப் படத்துக்கு சோலார்கிராஃப் என்று பெயர். லென்ஸ் வேண்டாம், பேட்டரி வேண்டாம், பட்டனை அமுக்க ஆளும் வேண்டாம். இதற்கான செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. டின்னை நிமிர்த்தி, துளையைத் தெற்குப் பார்த்துக் கட்டச் சொல்லும். திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ இதை அப்படியே செய்தால், ஆறு மாதம் காத்திருந்து திறக்கும்போது நண்பகல் சூரியன் ஒரு நாள்கூடத் தாளில் இருக்காது.

காரணம், நாம் இருக்கும் அட்சரேகை. பேஃபோர்ட்பரியில் டிசம்பர் மாத நண்பகல் சூரியன் தெற்கே தொடுவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறும். அதனால் தெற்குப் பார்த்த துளைக்கு நேராக வந்துவிடும். கும்மிடிப்பூண்டி இருப்பதோ வடக்கே 13.4 பாகையில். ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்திருக்கும் டிசம்பர் 21 அன்றும் நண்பகலில் அது 53 பாகை உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் செய்கிறது. ஜூன் 21 அன்று உச்சியைத் தாண்டி வடக்கே பத்துப் பாகை போய்விடுகிறது. நிமிர்த்தி வைத்த சின்ன டின்னின் பார்வை மேல்நோக்கி 41 பாகை அளவுதான். அதற்கு மேல் நிற்கும் சூரியனின் ஒளி, தாளை விட்டுவிட்டு டின்னின் அடித்தட்டில் போய் விழும்.

ஆகவே நம் ஊருக்கு டின்னைப் படுக்க வைக்க வேண்டும். டின்னின் நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும், துளை வானம் பார்க்கட்டும். குறுக்கு 6.6 செ.மீ., நீளம் 11.5 செ.மீ. உள்ள டின்னில், துளையை நடுவில் வைத்தால் உச்சியிலிருந்து தெற்கே 41 பாகை, வடக்கே 41 பாகை வரை தாளில் விழும். நமக்குத் தேவை தெற்கே 37, வடக்கே 10. ஓராண்டின் அத்தனை நண்பகல் சூரியன்களும் அந்தச் சின்னத் தாளுக்குள் அடங்கிவிடுகின்றன. வளைந்த சுவர் கிழக்கையும் மேற்கையும் கவனித்துக்கொள்ளும். அரை லிட்டர் டின் கிடைத்தால் இன்னும் நல்லது. பால்பவுடர் டப்பா இதற்கு உதவாது. குறுக்களவு அதிகம், உயரம் போதாது என்பதால் டிசம்பர் சூரியன் வெளியே போய்விடும்.

டின்னுக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இருக்கின்றன. அவற்றுக்குச் சரக்கு போகும் வழியெல்லாம் காயலான் கடைகள். அங்கே காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். பழவேற்காட்டு உப்புக்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் அலுமினியமே நமக்கு வேண்டும். பழைய ஸ்கேனர் ஒன்று கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள். கேமரா ஃபிளாஷ்களை மட்டும் பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கண்டென்சர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றி வெகுநேரம் ஆன பிறகும் அடிக்கும்.

இந்தக் கேமராவின் உயிர் துளையில்தான் இருக்கிறது. துளை பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானாலும் மங்கும், ஏனென்றால் ஒளி அலை அந்த விளிம்பில் பட்டு விரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான அளவைக் கணக்கிட 19-ஆம் நூற்றாண்டிலேயே ராலே பிரபு வழி சொல்லியிருக்கிறார். துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 1.9 மடங்காக்க வேண்டும். 6.5 செ.மீ. தூரத்துக்கு 0.35 மி.மீ. வருகிறது.

துளையை டின்னிலேயே நேராகக் குத்தாதீர்கள். இன்னொரு டின்னிலிருந்து விரல்நகம் அளவு தகடு வெட்டி, பழைய நோட்டு அட்டை மேல் வையுங்கள். மெல்லிய தையல் ஊசியின் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். குத்தித் துளைக்க வேண்டாம், மறுபக்கம் ஒரு புடைப்பு வந்தால் போதும். அந்தப் புடைப்பை மிக மெல்லிய உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஊசிநுனியைச் சுழற்றி, மறுபடி தேயுங்கள். பிசிறில்லாமல் வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும்வரை இதுதான் வேலை. அளவு பார்க்க அந்தக் காயலான் கடை ஸ்கேனர் போதும். அங்குலத்துக்கு 2,400 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 0.35 மி.மீ. துளை 33 புள்ளி அகலம் இருக்கும். பொறுமையாகச் செய்தவருக்கு, கடையில் விற்கும் துளைத் தகட்டுக்குக் கிட்டத்தட்ட இணையான துளை கிடைக்கும்.

தாளும் பழையதாக இருக்கலாம். உதகையில் 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடிக் கிடக்கிறது. அதன் ‘இந்து’ கறுப்பு-வெள்ளைத் தாள் ஒரு காலத்தில் நம் ஸ்டூடியோக்களில் புழங்கியது. மூடிய ஸ்டூடியோக்களின் அலமாரியில் பிரிக்காத பெட்டி அகப்பட்டால், காலாவதியானது என்று தூக்கிப் போட வேண்டாம். சாதாரணப் படத்துக்குத் தாள் சில நொடி ஒளி வாங்கும், பிறகு ரசாயனம் அதை வளர்த்தெடுக்கும். இங்கே மாதக்கணக்கில் விழும் வெயிலே வெள்ளி உப்பை உடைத்து வெள்ளித் துகளாக்கிவிடுகிறது. டெவலப்பர் வேண்டாம். துகள்களின் பருமனைப் பொறுத்து கறுப்பு-வெள்ளைத் தாளிலேயே பழுப்பும் நீலமும் இளஞ்சிவப்பும் எழும். ஃபிக்சரில் போட்டால் படம் வெளுத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்து ஒரே முறை ஸ்கேன் செய்து, கணினியில் நிறத்தையும் இடவலத்தையும் திருப்பினால் படம் தயார்.

வால்கன்பர்க்கின் முந்தைய முயற்சிகளைக் கெடுத்தது ஈரம். வானம் பார்த்த துளையில் மழை நேராக இறங்கும் என்பதால் நமக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம். ஆனால் நம் பருவமே ஒரு வழியும் விட்டிருக்கிறது. டிசம்பர் 21-க்குள் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஜூன் 21 வரை பெரிதாக மழை இல்லை. சூரியன் தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லைக்குப் போவதும் இதே ஆறு மாதத்தில்தான். கோடை மழைக்காக, துளைமேல் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை சிலிக்கான் பசையால் ஒட்டிவிடுங்கள். மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப், அதன்மேல் சைக்கிள் டியூப். பிறகு மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் ஆடாமல் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள்.

கூடவே இரண்டாவது டின் ஒன்றை நிமிர்த்தி, கிழக்குப் பார்த்து வையுங்கள். அதில் ஊரும் விழும். அசையாத புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியும் பதியும், நெடுஞ்சாலையில் ஓடும் லாரி ஒன்றுகூடப் பதியாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டே கிளம்பினாலும் தாளுக்கு அது தெரியப்போவதில்லை. உதிக்கும் புள்ளி தென்கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு 48 பாகை நகர்வது மட்டும் கோடு கோடாகத் தெரியும். மார்ச்சில் கோடுகள் விலகி நிற்கும், டிசம்பரிலும் ஜூனிலும் நெருங்கி அப்பிக்கொள்ளும். இதே டின்னை ஜூனிலிருந்து டிசம்பர் வரை வைத்தால் மழைமேகம் மூடிய நாட்கள் வெட்டு வெட்டாக விழும். 

சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கொடைக்கானல் வான்நோக்ககத்தின் சூரியப் படத்தொகுப்பு 1904-இல் தொடங்கி நூறாண்டைத் தாண்டுகிறது. அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட் கருவிகளைத் தம் கையால் செய்து பழகியவர். காவலூர் வான்நோக்ககத்தில் முதலில் நிறுவிய 38 செ.மீ. தொலைநோக்கியும் கொடைக்கானலிலேயே செய்ததுதான். நம் டின்னில் சூரியனின் பிம்பம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அதில் கரும்புள்ளி தெரியாது. ஆனால் பூமியின் சாய்வு தெரியும். பாடநூலில் ஒரு படமாக மட்டும் பார்த்த அந்தச் சாய்வை ஒரு மாணவி தன் வீட்டு மாடியிலிருந்து தானே அளக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. 2016-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், மாணவர் ஒருவர் பாலத்தில் ஒட்டியிருந்த ஊசித்துளைக் கேமராவை வெடிகுண்டு என்று நினைத்து, போக்குவரத்தை நிறுத்தி, போலீசார் வெடிக்கச் செய்தார்கள். ஆகவே சிப்காட் தொழிற்பேட்டை வேலியிலோ ரயில்வே கம்பத்திலோ கட்ட வேண்டாம். சொந்த மாடியிலோ பள்ளி மாடியிலோ அனுமதி கேட்டு, இது என்ன, யாருடையது என்று எழுதி ஒட்டிக் கட்டுங்கள். துளை வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், பள்ளி மாடியில் இரண்டு டின்களைக் கட்டிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பின், 21-ஆம் தேதி தாண்டியதும் அதே பிள்ளைகளையே அவிழ்க்கச் சொல்லுங்கள்.