உங்களுக்குத் தெரியுமா? இலை தரும் தேன்!
குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதித் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, ரப்பர் இலையிலிருந்து வருகிறது! இலையுதிர்த்த ரப்பர் மரம் தை, மாசி வாக்கில் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் துளிர்க்கும். தேனீக்களுக்கு அது போதும். பூத்தேன் இல்லையே என்று மட்டமாக நினைக்க வேண்டாம், அசல் தேன்தான்.

தேனீ வளர்ப்பவருக்கு அந்தச் சில வாரங்கள்தான் அறுவடை. பெட்டிகளை இடம் மாற்றுவதென்றால் இருட்டிய பிறகுதான். பகலில் தூக்கினால், மேயப்போன ஈக்கள் திரும்பிவந்து வீட்டைக் காணாமல் தவிக்கும். தேனெடுக்க அடையைப் பிழிவதில்லை. அறைகளை மூடியிருக்கும் மெழுகை மட்டும் கத்தியால் சீவி, சட்டத்தை இயந்திரத்துக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். தேன் தெறித்து வடியும். காலியான அடை முழுசாகப் பெட்டிக்கே திரும்பும். புது அடை கட்டும் வேலை ஈக்களுக்கு மிச்சம்.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். தேன் வராது, ஈக்களுக்கு வளர்ப்பவர்தான் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும்!

1990களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கிய ‘தாய் சாக்புரூட்’ என்ற வைரஸ் நோய், தென்னிந்தியாவில் கொத்துக்கொத்தாகப் பெட்டிகளைக் காலியாக்கியது. தப்பிய கூட்டங்களிலிருந்துதான் தொழில் மீண்டும் தலையெடுத்தது.