தன் காலில் நிற்கும் மலைக்குடும்பம்

நீலகிரியிலே விளையும் தேயிலை கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றது. ஆனால் அத்தேயிலையைப் பறிக்கின்றவர்களுக்கு வேண்டிய அரிசியோ சமவெளியிலிருந்து மலையேறி வருகின்றது. பருப்பும் உப்பும் எண்ணெயும் எரிவாயுவும் அவ்வாறே வருகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஒரு சாலை. கோத்தகிரிக்கு ஒரு சாலை. மேற்கே கூடலூர் வழியாக ஒரு சாலை. 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகமண்டலத்தையும் எட்டிய மலை இரயில் பாதை. நம் மலையை வெளியுலகோடு பிணைக்கும் முதன்மையான கயிறுகள் இவைதாம். இவற்றுள் ஒன்றிரண்டு அறுந்துவிட்டால், நகரத்தின் ஓரத்திலே வாழும் ஓர் எளிய குடும்பம் எவ்வாறு காலந்தள்ளும்? மாணவ மாணவியரே, இந்த வினாவை இன்று நாம் சற்று ஆராய்வோம்.

இது வெறும் கற்பனை வினா அன்று. 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. உதகமண்டலத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாகச் சுமார் 120 சென்டிமீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால், அதன் கடுமை விளங்கும். அந்த நாள்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சாலைகள் துண்டிக்கப்பட்டன, இரயில் பாதையும் பழுதுற்றது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த ஆண்டிலோ, மழையின்றியே மற்றொரு துன்பம் வந்தது. 2020-ல் கொள்ளைநோய் காரணமாக ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழ்ந்த வாடகை வண்டி ஓட்டுநர்களும் விடுதிப் பணியாளர்களும் திடீரென வருவாய் இழந்தனர்.

இவை ஒரே நாளில் வந்து கதவைத் தட்டிய துன்பங்கள். ஓசையின்றி, மெல்ல மெல்ல வரும் துன்பங்களும் உண்டு. நீலகிரியில் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கே பணப்பயிராக விளங்கியது. 1961-ல் அப்பயிரின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு இங்குக் கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் கடினமான கூட்டுக்குள் பல ஆண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்க வல்லவை. ஆகையால் ஒரு பருவம் பயிரிடாமல் விட்டாலும் அவை அழிவதில்லை. பின்னர்ச் சிறு விவசாயிகள் பலர் தேயிலைக்கு மாறினர். அதற்கும் சோதனை வந்தது. நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்தது. விலை சரிந்ததென்று தேயிலைச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த மாதமே வேறு பயிரை அறுவடை செய்ய இயலாது. தேயிலையைச் சமைத்து உண்ணவும் இயலாது.

இந்நிகழ்ச்சிகள் யாவும் ஒரே உண்மையைப் புலப்படுத்துகின்றன. ஒரே பயிர், ஒரே கூலி, ஒரே சாலை என்று ஒற்றைக் கயிற்றிலே தொங்கும் குடும்பமே முதலில் விழுகின்றது. தன்னிறைவு என்பது பிறர் உதவியே வேண்டாவென்று தனித்து நிற்பதன்று. ஒரு கயிறு அறுந்தால் பற்றிக்கொள்ள மற்றொன்றை முன்னரே முறுக்கி வைத்துக்கொள்வதாகும். இம்மலையின் படுகர் மக்கள் முற்காலத்தில் சாமையும் கேழ்வரகும் கீரையும் பயிரிட்டு வாழ்ந்தனர். அந்த வாழ்க்கைக்கே நாம் முழுவதும் திரும்பிவிட முடியாது. ஆயினும் அதன் அடிப்படையான அறிவை இன்றைய வீட்டிலும் கையாளலாம்.

முதலாவது, உணவு. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 400 கிராம் தானியம் என்று கொண்டால், ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு 2 கிலோ ஆகும். 15 நாள்களுக்கு 30 கிலோ. வாரந்தோறும் 1 கிலோ மிகுதியாக வாங்கி வைத்தால் ஏழு மாதத்தில் இச்சேமிப்பு நிறைந்துவிடும். ஆனால் மலையில் மூடுபனியின் ஈரம் தானியத்திலே ஏறிப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். எனவே இறுக மூடிய தகர டப்பாவில் இட்டு, தரையில் படாமல் பலகையின்மேல் வைத்தல் வேண்டும். உமி நீக்காத சாமை, அரிசியைவிட நெடுநாள் கெடாதிருக்கும். உமியே அதற்குக் கவசம். பழையதை முதலில் எடுத்து உண்டு, புதியதைப் பின்னால் வைப்பது நலம்.

இரண்டாவது, தண்ணீர். பெருமழைக் காலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்றால் சிலர் நகைப்பர். மண் சரியும்போது குழாய்கள் உடைகின்றன. ஊற்று நீர் சேறாகின்றது. அந்நிலையில் கூரையே கிணறு. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீராகும். ஆகவே 40 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் கிடைக்கும். முதலில் வடியும் அழுக்கு நீரை விட்டுவிட்டுப் பிறகு பிடித்தல் வேண்டும். குடிப்பதற்கு அதனைக் காய்ச்சுவது இன்றியமையாதது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த உதகமண்டலத்தில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. ஆகையால் இங்கு நீர் நன்கு தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின்னரும் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். மின்சாரம் நின்ற குளிர் இரவில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் சாளரத்தையும் அடைத்துக்கொள்வது உயிருக்கே உலையாகும். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவன் விழிப்பதற்கு முன்பே அது அவனைக் கொன்றுவிடும். கம்பளியைச் சேமியுங்கள், மூடிய அறையில் கரியை மூட்டாதீர்கள்.

நான்காவது, தோட்டம். வீட்டின் பக்கத்தில் நாலடி நிலம் இருந்தாலும் சௌசௌக் கொடி ஒன்றை ஏற்றிவிடலாம். அதற்கு விதை வாங்க வேண்டுவதில்லை; முற்றிய காயையே நட்டால் முளைக்கும். கீரை, முள்ளங்கி, அவரை முதலியனவும் வளரும். ஆனால் தோட்டத்துக்காகவோ வீட்டுக்காகவோ பின்புறச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவது பெரும் பிழை. அடிமண்ணின் தாங்கலை இழந்த மேல்மண், மழைநீரால் கனமேறிச் சரிகின்றது. நீர் வடியும் கால்வாய்களை அடைக்காமல் பேணுவதும் தோட்ட வேலையே.

ஐந்தாவது, பணம். தேயிலைக் கொழுந்து மிகுதியாக வரும் மாதங்களும் உண்டு. உறைபனியால் குறையும் மாதங்களும் உண்டு. மிகுந்த மாதத்தின் வரவில் ஒரு பகுதியைக் குறைந்த மாதத்துக்கென அஞ்சலகத்திலே போட்டு வைப்பவன், கடன்காரனின் வாசலில் நிற்க நேராது. தையல், மின்பழுது பார்த்தல், தச்சு என்று குடும்பத்தில் ஒருவரேனும் மற்றொரு தொழிலை அறிந்திருப்பது, திருடர் கொண்டுபோக முடியாத சேமிப்பு.

நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இவையெல்லாம் தனித்துக் கைகூடா என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். ஆகவே நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு தொட்டி, ஒரு தானியப் பெட்டி, ஒரு கயிறு, ஒரு மருந்துப் பை வைத்துக்கொள்ளட்டும். சாலை அறுபட்ட முதல் இரவில் வரக்கூடிய உதவி அடுத்த வீட்டாரின் உதவியே ஆகும்.

இறுதியாக ஒன்று. சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, மூட மறுக்கும் கதவு, இவற்றை மழைக்காலத்தில் கண்டால், சேமித்த அரிசியையும் நட்ட கொடியையும் எண்ணித் தயங்காது வீட்டைவிட்டு வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். சேமிப்பு உயிருக்காகவே, உயிர் சேமிப்புக்காக அன்று.

மாணவர்களே, இவ்வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டில் எத்தனை நாளுக்கு அரிசி, எத்தனை நாளுக்குத் தண்ணீர், எத்தனை நாளுக்குப் பணம் உள்ளன என்று தாயையும் தந்தையையும் கேட்டு எழுதுங்கள். மூன்றினுள் எது மிகக் குறைவோ, அதிலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.