பாலைவனத்து ஏரிக்கரையில் கூடாரங்கள்



'கூடாரம்' என்றவுடன் எம்மில் பலருக்கு நினைவில் வருவது தறப்பாள் கொட்டிலும், தண்ணீருக்காக நின்ற வரிசையும், பிள்ளைகளை அணைத்தபடி கழித்த இரவுகளும்தான். ஆனால் உலகின் வேறு இடங்களில் மக்கள் விடுமுறை எடுத்து, காசு செலவழித்து, விரும்பியே கூடாரத்தில் தங்கப் போகிறார்கள். அவ்வாறான இடங்களில் ஒன்று அமெரிக்காவின் பாலைவனத்திலுள்ள மீட் ஏரி. அங்கு குடும்பங்கள் எப்படிப் பொழுதைக் கழிக்கின்றன என்பதையும், அந்தத் தண்ணீருக்கடியில் யாருடைய வீடுகள் இருந்தன என்பதையும் இம்மாதம் அறிந்துகொள்வோம்.

மனிதர் கட்டிய ஏரி

மீட் ஏரி இயற்கையாக உண்டானதல்ல. நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் ஓடும் கொலராடோ ஆற்றை மறித்து 1931ஆம் ஆண்டு தொடக்கம் ஓர் அணை கட்டப்பட்டது. 221 மீற்றர் உயரமான அந்த அணை இன்று ஹூவர் அணை எனப்படுகிறது. 1935இல் ஆறு மறிக்கப்பட்டதும் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. மழை அருமையான அந்த மண்ணில் நீலக்கடல் போல ஒரு நீர்த்தேக்கம் உருவானது. பல இலட்சம் மக்களின் குடிநீரும், பெருமளவு வயல்நிலங்களின் நீரும் இதிலிருந்தே போகின்றன.

தண்ணீரைக் கண்டதும் மக்கள் நீந்தவும், மீன் பிடிக்கவும், படகோட்டவும் வரத் தொடங்கினார்கள். 1964இல் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் இதனைச் சட்டப்படி தேசிய பொழுதுபோக்குப் பிரதேசமாக்கியது. இத்தகைய பிரதேசங்களில் இதுவே முதலாவது. தேசிய பூங்காச் சேவை இதனைப் பராமரிக்கிறது.

கரையில் ஒரு குடும்பம்

போல்டர் பீச், கால்வில் பே, டெம்பிள் பார் போன்ற இடங்களில் கூடாரம் அடிப்பதற்கென்றே நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம், ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இடம். பொதுவான மலசலகூடமும் குழாய்த் தண்ணீரும் உண்டு. பகலில் நீந்துவார்கள், தூண்டில் போடுவார்கள். அணை கட்டிய காலத்தில் சாமான் ஏற்றிய பழைய புகையிரதப் பாதையில் ஐந்து சுரங்க வழிகள் உள்ளன. அவற்றினூடாக நடந்து போவதும் பலருக்கு விருப்பம். மாலையில் நெருப்பு மூட்டிச் சமைப்பார்கள். நகரத்து வெளிச்சம் எட்டாத கரைகளில் இரவு வானம் முழுக்க நட்சத்திரங்கள் தெரியும்.

எல்லாக் காலமும் போகக்கூடிய இடமல்ல அது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். எனவே ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களே கூடாரமடிக்க ஏற்றவை.

கவனிக்க வேண்டியவை

அழகான அந்த இடம் ஆபத்தும் நிறைந்தது. அங்கு போகும் தாய்மாருக்கும் தந்தையருக்கும் சொல்லப்படும் அறிவுரைகளில் பல எந்த நீர்க்கரைக்கும் பொருந்துபவை.

* வெயில் காலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லீற்றர் குடிநீர் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே குடிக்க வேண்டும்.
* காய்ந்து கிடக்கும் ஓடைப் படுக்கையில் கூடாரம் அடிக்கக் கூடாது. தொலைவில் எங்கோ பெய்யும் மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கி வரும். மேலே வானம் வெளித்திருந்தாலும் இது நடக்கும்.
* காற்று திடீரென எழும். காற்றடைத்த மிதவைகளில் இருக்கும் பிள்ளைகளை அது ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும்.
* நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிவதே நல்லது. ஓடும் படகில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதனை அணிவது அங்கு சட்டம்.
* நீர் வற்றிய கரையில் மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரியும். கால் வைத்தால் சேறு இடுப்புவரை இழுக்கும்.
* தேளும் பாம்பும் உள்ள இடம் என்பதால் சப்பாத்தை உதறிப் பார்த்த பின்பே அணிய வேண்டும்.

தண்ணீருக்கடியில் ஓர் ஊர்

இந்த ஏரியின் வடபகுதியில் சென்ட் தோமஸ் என்ற சிற்றூர் இருந்தது. 1865இல் மோர்மன் சமயத்தவர் அங்கு குடியேறினார்கள். தமது ஊர் நெவாடா மாநிலத்துக்குள் இருப்பதாக நில அளவையில் தெரிய வந்ததும், அந்த மாநிலம் பழைய வரிகளையும் சேர்த்துக் கேட்டது. 1871இல் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். பின்னர் வேறு மக்கள் வந்து மண்ணைப் பண்படுத்தினார்கள். பாடசாலை, தபாலகம், ஹோட்டல், ஐஸ்கிறீம் கடை எல்லாம் அந்த ஊரில் இருந்தன.

அணை வருகிறது என்றதும் அரசாங்கம் காணிகளை விலைக்கு வாங்கியது. கல்லறைகள் தோண்டப்பட்டு, இறந்தவர்களின் எச்சங்கள் ஓவர்டன் என்னும் அயலூருக்குக் கொண்டு செல்லப்பட்டன. தண்ணீர் இவ்வளவு தூரம் வராது என்று நம்பி இருந்தவர்களும் உண்டு. 1938 யூன் மாதம் கடைசி ஆளும் தன் வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீரில் படகேறிப் போனார். ஊர் மூழ்கியது. ஏரி நிரம்பியிருந்தபோது அதன் மேல் சுமார் 18 மீற்றர் தண்ணீர் நின்றது.

அதற்கும் முன்பு அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் பையூட் பழங்குடியினர். அவர்களுக்கு முந்திய மக்களின் மண்வீடுகளும் தண்ணீரில் போயின. அங்கு தோண்டி எடுக்கப்பட்ட பானைகளும் பிற பொருட்களும் ஓவர்டனில் 1935இல் கட்டப்பட்ட நூதனசாலையில் இருக்கின்றன.

2000ஆம் ஆண்டின் பின் தொடர்ந்த வரட்சியாலும், கூடுதலாக நீர் எடுக்கப்படுவதாலும் ஏரி வற்றத் தொடங்கியது. 1983இல் நிரம்பி வழிந்த ஏரி, 2022 யூலையில் அந்த மட்டத்திலிருந்து 50 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாறைகளில் தண்ணீர் நின்ற அடையாளம் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. படகுத் துறைகள் பல மூடப்பட்டன. சென்ட் தோமஸும் வெளியே வந்தது. வீடுகளின் அத்திவாரங்கள், பாடசாலைப் படிகள், ஒரு புகைபோக்கி, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் ஆகியவையே மிஞ்சியிருந்தன.

இன்று சுமார் 4 கிலோமீற்றர் நடைபாதை ஒன்று பயணிகளை அந்த ஊருக்குள் அழைத்துச் செல்கிறது. எது பாடசாலை, எது கடை என்று பலகைகள் சொல்கின்றன. அங்கிருந்து ஓர் உடைந்த போத்தல் துண்டைக்கூட எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தராது.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது

விரும்பிக் கூடாரத்தில் தங்குபவருக்கும் வேறு வழியின்றித் தங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் துணியில் இல்லை. முதலாமவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் சிரித்து விளையாடும் பிள்ளைகளின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் அவர்கள் நீந்தும் தண்ணீர், ஒரு காலத்தில் சிலரைக் கூடாரமும் இல்லாமல் எழுப்பி அனுப்பிய தண்ணீர். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பலகைகள் அங்கு இருப்பதுதான் மனதுக்கு ஆறுதல்.

2009இல் போர் முடிந்தபின் தம் ஊருக்குத் திரும்பியவர்கள் எம்மில் உண்டு. இன்னும் திரும்ப முடியாதவர்களும் உண்டு. எங்கள் ஊர்களில் பலகை நாட்ட யாரும் வராவிட்டாலும், பிள்ளைகளுக்குச் சொல்ல எம்மால் முடியும். எந்த ஒழுங்கையில் யார் வீடு இருந்தது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், பாடசாலை மணி எங்கே தொங்கியது என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அயலவரையும் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள குளக்கரைக்குப் போய்வாருங்கள். சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் போதும். ஆழம் தெரியாத இடத்தில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். நிழலில் இருந்து ஆறுதலாகக் கதையுங்கள். ஊர்க்கதைகளைச் சொல்லத் தொடங்க அதுவே நல்ல இடம்.