வழியறி கருவியைத் தெரிந்துகொள்ளும் முறை

கடலிற் செல்வானுக்கும் வானிற் செல்வானுக்கும் பொதுவாக எழும் வினா ஒன்றுண்டு. "யான் இப்போது எங்கே நிற்கின்றேன்?" என்பதே அது. நிலத்தில் நடப்பவன் வழி தவறினால், நின்று பிறரை வினவி மீளலாம். கடலில் நீரோட்டம் கலத்தை நில்லாது இழுக்கும். வானில் விமானம் நிற்கவே மாட்டாது. ஆதலின் இவ்விருவர்க்கும் இவ்வினாவுக்கு விரைவாகவும் பிழையின்றியும் விடை கூறவல்ல கருவி உயிர்த்துணை போன்றது. அக்கருவியை எவ்வாறு தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எமது குடாநாட்டார்க்கு இது புதிய பொருளன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை உவில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்க மாலுமி வாங்கி, அதற்குப் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். அக்கப்பல் வல்வை மாலுமிகளால் செலுத்தப்பெற்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றின் வகையறிந்தும், வடமீனின் உயரம் நோக்கியும் கலஞ் செலுத்திய மரபு எம்மவருடையது. வடமீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்து தோன்றுகின்றதோ, ஏறக்குறைய அத்தனை பாகையே காண்பவன் நிற்கும் இடத்தின் அகலாங்கு ஆகும். யாழ்ப்பாணத்தில் அது பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவாகவே தோன்றும். ஆயினும் முகில் மூடிய இரவில் வடமீன் தோன்றாது. நெட்டாங்கை அறிதற்கோ செம்மையான கடிகாரமும் வேண்டும்.

வான்வழியும் எமக்கு அயலானதன்று. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் 'சீதா தேவி' என்னும் டகோட்டா விமானம் தனது முதற் பயணத்தை இரத்மலானையில் தொடங்கிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. அந்நாளில் விமானி நம்பியவை திசைகாட்டி, கடிகாரம், றேடியோ, தன் கண் என்பனவே. அவ்விமானம் இறங்கிய பலாலித் திடலே 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பெற்றது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வழியறி கலை முற்றிலும் மாறிவிட்டது. அம்மாற்றத்தைச் செய்தது ஜி. பி. எஸ். எனப்படும் செய்மதி வழியறி முறையே.

இம்முறையின் தத்துவம் எளியது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் ஒன்றைச் சுமந்து, தான் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றது. அவ்வலை எம்மை வந்தடைய ஒரு செக்கனில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு நேரம் செல்லும். அந்நேரத்தை ஒளிவேகத்தாற் பெருக்கின் செய்மதியின் தூரம் கிடைக்கும். மூன்று செய்மதிகளின் தூரம் தெரியின் இடம் தெரியும். எம் கையிலுள்ள கருவியின் கடிகாரப் பிழையைத் தீர்க்க நான்காவது ஒன்றும் வேண்டும். செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் தூரம் 300 மீற்றர் பிழைக்கும். ஐன்ஸ்ரைன் கூறிய சார்புக் கொள்கையின்படி செய்மதிக் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்கிரோ செக்கன் முந்தியோடுதலால், அதனைத் திருத்தாதுவிடின் தூரக்கணக்கில் நாள்தோறும் பதினொரு கிலோமீற்றரளவு வழு சேரும். வகுப்பறையிற் கற்கும் பௌதிகம் மீனவனின் கைக்கருவியில் தொழிற்படுதலை மாணாக்கர் இதனால் உணரலாம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1978இல் முதற் செய்மதியை ஏவியது. 1995இல் இருபத்து நான்கு செய்மதிகளுடன் இம்முறை நிறைவெய்தியது. பொதுமக்கள் பெறும் அலையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்ட பின்னரே, நூறு மீற்றரளவாயிருந்த ஐயம் பத்து மீற்றரளவாகச் சுருங்கியது. இன்று இரசியாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, இந்தியாவின் நாவிக் என்பனவும் உள.

இனி, கருவியைத் தெரிதல் யார்க்குக் கடினமாகின்றது என்பதைக் காண்போம். ஆலையிற் செய்த பெருவிமானத்தில் எக்கருவி எங்கே அமைதல் வேண்டும் என்பதைப் பொறியியலாளர் முன்னரே முடிவு செய்துவிடுவர். தாமே விமானங் கட்டுவோர்க்கு அவ்வுதவி இல்லை. அமெரிக்காவில் 1953இல் போல் பொபெறெஸ்னி தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் இத்தகையோரை ஒன்றுதிரட்டியது. அங்கே விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கையாற் செய்தவன் தனக்கு விருப்பமான கருவிகளைப் பலகையிற் பொருத்திக்கொள்ளலாம். அவற்றின் பொறுப்பும் அவனையே சாரும். எமது கரையோரத்தில் வள்ளம் வைத்திருக்கும் மீனவன் நிலையும் இதுவே. ஆதலின் விமானங் கட்டுவோனுக்குச் சொல்லும் விதி வள்ளக்காரனுக்கும் பொருந்தும்.

முதலாவது விதி, தேவையை முன்னர் வரையறுத்தல். தெளிந்த பகலில் நிலத்தைப் பார்த்துப் பறப்பவனுக்கு எளிய கருவியே போதும். முகிலினுள் கருவியை மட்டும் நம்பிப் பறப்பவனுக்கோ, செய்மதி அலை பிழைபடின் தானே கண்டுணர்ந்து எச்சரிக்கும் ஆற்றலுடைய, அரசு விதித்த தரத்துக்கு அமைந்த கருவியே வேண்டும். அதன் விலை பன்மடங்காகும். அதிலுள்ள வான்வழித் தரவுகளை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை புதுக்குதலும் வேண்டும். ஒருபோதும் முகிலுட் புகாதவன் அதனை வாங்குதல் வீண்செலவு. புகுவோன் அதனை வாங்காதுவிடுதல் உயிர்க்கேடு.

இரண்டாவது, கருவியின் சிறப்பைப் போலவே அது அமையும் இடமும் முக்கியம் என்பதாம். பாடகர் ஜோன் டென்வர் 1997 ஒக்டோபர் 12ஆந் திகதி கலிபோர்னியாவின் மொன்ரறே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் செலுத்தியது ஒருவர் தாமே கட்டிய விமானம். அதன் எரிபொருள் மாற்றும் பிடியை, மூல வரைபடத்திற் காட்டிய இடத்தில் அமைக்காது, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தனர். அதனை எட்டித் திருப்ப முயன்றபோது விமானம் நிலை தவறியதாக விசாரணையாளர் கண்டனர். பிடியிற் பழுதில்லை, இடத்திலேயே பழுது. வழியறி கருவியும் அவ்வாறே. தலையைத் திருப்பாது பார்க்கத்தக்க இடத்திலும், நடுப்பகல் வெயிலிலும் எழுத்துத் தெரியத்தக்க வகையிலும், குலுக்கத்தில் விரலாற் பிழையின்றி இயக்கத்தக்க பொத்தான்களுடனும் அது அமைதல் வேண்டும். வள்ளத்தில் உப்புநீர் புகாத உறையும் வேண்டும். அன்ரனா வானத்தை மறைவின்றி நோக்குதல் இரண்டிடத்தும் இன்றியமையாதது.

மூன்றாவது, எண்களின் பொருளை அறிதல். பாகையைக் கலையாகவும் விகலையாகவும் பகுப்பது ஒரு முறை. கலையைத் தசமத்தில் எழுதுவது மற்றொரு முறை. பாகையையே தசமத்தில் எழுதுவது பிறிதொரு முறை. 9 பாகை 45.50 கலை என்பது 45 கலை 30 விகலையாகும். அதனை ஒருவர் 45 கலை 50 விகலை எனப் படித்தால் இருபது விகலை பிழைக்கும். அகலாங்கில் ஒரு கலை 1,852 மீற்றர் ஆதலின், இப்பிழை 600 மீற்றருக்கு மேலாகும். அதனையே 9.4550 பாகை எனக் கருவியிற் பதிந்தாலோ பிழை ஏறக்குறைய 34 கிலோமீற்றராகும். பழைய கடற்படத்தின் அடிக்கணக்கும் கருவியின் அடிக்கணக்கும் வேறாயின், இடம் நூறு மீற்றருக்கு மேலும் பிசகலாம்.

பாக்கு நீரிணையில் இஃது ஏட்டுக்கணக்கு அன்று. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1974, 1976ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட உடன்படிக்கைகள் கடலில் எல்லைக்கோடு வகுத்தன. நீரின்மேல் அக்கோடு தோன்றாது. கருவியின் திரையிலேயே தோன்றும். கோட்டின் எப்பக்கம் நிற்கின்றோம் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் வள்ளமும் வலையும், சிலபோது உழைப்பாளியின் சுதந்திரமும் நிலைபெறும். கருவி வாங்கிய அன்றே அது எம்முறையில் எண்களைக் காட்டுகின்றது என்பதை வீட்டிலிருந்து அறிந்துகொள்ளாதவன், நள்ளிரவில் கடலில் அதனை அறிய முயலுதல் தகாது.

நான்காவது, உயரம் பற்றியது. செய்மதி முறை கணக்கிடும் உயரம், பூமியை ஒழுங்கான நீளுருண்டையாகக் கொண்டு பெறப்படுவது. உண்மையான கடல்மட்டமோ புவியீர்ப்பின் வேறுபாட்டால் மேடுபள்ளமானது. உலகத்திலேயே மிக ஆழ்ந்த அத்தகைய பள்ளம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரத்தில் உளது. அங்கே கடல்மட்டம் அக்கணக்கு மட்டத்திலும் நூறு மீற்றருக்கு மேலாகத் தாழ்ந்துள்ளது. அதன் திருத்தத்தைத் தன்னகத்தே கொள்ளாத கருவி எமது கரையில் நிற்பவனையும் கடலுள் ஆழ்ந்தவனாகவே காட்டும். விமானங்கள் யாவும் வளியமுக்கத்தால் அளந்த உயரத்தைக் கொண்டே ஒன்றையொன்று விலகிச் செல்கின்றன. ஆகவே செய்மதிக் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அமுக்க உயரமானியை நீக்குதல் கூடாது.

ஐந்தாவதும் தலையாயதும், ஒன்றனையே நம்பியிராமை. செய்மதி அலை மிக மெலிந்தது. அதனை மறித்தலும் பொய்யலையால் ஏமாற்றுதலும் இயலும். மின்சாரம் அற்றாலும் கருவி அணையும். எனவே வேறு மின்கலத்தில் இயங்கும் இரண்டாவது கைக்கருவி ஒன்றும், மின்சாரமே வேண்டாத திசைகாட்டியும், தாளில் அச்சிட்ட படமும் உடனிருத்தல் வேண்டும். பணம் குறைவாயின், விலையுயர்ந்த ஒன்றினும் எளிய இரண்டே மேல்.

கருவி பிழையற்றதாயினும் மனிதன் விழிப்பின்றேல் பயனில்லை என்பதற்கு 1983 செப்ரெம்பர் முதலாந் திகதி நிகழ்ந்த துயரமே சான்று. கொரிய விமானமொன்று வழி விலகிச் சோவியத் எல்லைக்குட் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட, 269 பேர் மாண்டனர். அதில் நல்ல வழியறி கருவிகள் இருந்தன. தன்னியக்கியோ அக்கருவிகளின் வழிச் செல்லாது திசைகாட்டியின் ஒரே திசையைப் பற்றிச் சென்றதாக ஆய்வாளர் முடிவு செய்தனர். ஐந்து மணிநேரத்துக்கு மேலாக விமானிகள் அதனைக் கவனித்திலர். அத்துயரத்தின் பின்னரே ஜி. பி. எஸ். முறை குடிமக்களுக்கும் கட்டணமின்றி வழங்கப்படும் என அமெரிக்க அதிபர் றேகனின் அரசு அறிவித்தது. இன்று எமது கையிலுள்ள கருவிக்கு அவர்கள் உயிர் விலையாயிற்று எனலாம்.

ஆகவே கருவி வாங்க முற்படுவோர் விளம்பரத்தை முதலிற் பாராது, தம் பயணத்தை முதலிற் பார்ப்பாராக. வாங்கிய பின் தாம் நன்கறிந்த இடமொன்றில், பருத்தித்துறை வெளிச்சவீட்டின் அடியிலேனும் நின்று, கருவி கூறும் எண்களைப் படத்துடன் ஒப்பிட்டு நோக்குவாராக. பயணத்திலும் இடையிடையே கண்ணாற் கண்டதைக் கருவி கூறுவதனோடு ஒத்துப்பார்ப்பாராக. இரண்டும் முரணுமிடத்து எது பிழை என்று ஆராயும் அறிவே உண்மையான வழியறி கருவி. ஏனையவெல்லாம் அதற்குத் துணை என்பதே எம் துணிபு.