மோட்டார் புகாத குன்றுப் பாதையும் மிதிவண்டியும்



மிதிவண்டி நம் மக்களுக்குப் புதிய பொருளன்று. ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் அதுவே ஏழையின் ஊர்தி. பொழுது புலருமுன் பால்மரக் காட்டுக்குச் செல்லவும், பால் வாளிகளை ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்கவும், சம்பள நாளில் பட்டணத்துக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கி வரவும் அது உதவிற்று. அவ்வண்டிகள் பெரும்பாலும் ஓடியவை தார்ச் சாலைகள் அல்ல. செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த தோட்டச் சடக்குகளே.

இன்று உலகின் பல நாடுகளில் மக்கள் அதே வகைப் பாதையைத் தேடிச் செல்கின்றனர். காரும் லோரியும் புகாத மலைப் பூங்காக்களில், கல்லும் மண்ணும் நிறைந்த வழிகளில் மிதிவண்டி ஓட்டுவது ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. அத்தகைய இடம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உண்டு. அதன் வரலாற்றில் நம் தொழிலாளர்களின் பங்கும் உண்டு. அதைப் பற்றி அறிந்துகொள்வோம்.

தனிப் பாதை எதற்கு?

சாலையில் ஒரு லோரியும் ஒரு மிதிவண்டியும் அருகருகே செல்லும்போது, தவறு யாருடையதாயினும் அடிபடுபவர் மிதிவண்டிக்காரரே. ஆகவே எடையிலும் வேகத்திலும் மிகவும் வேறுபட்ட வண்டிகளைப் பிரித்துவிடுவதே நல்ல பாதுகாப்பு. இதற்குச் சான்று நம் கண்முன்னே உள்ளது. கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970ஆம் ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கத் தொடங்கினர். பின்னர் ஷா ஆலம் பகுதியிலும் அத்தடம் திறக்கப்பட்டபோது, அங்கே மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தன என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பெரிய வண்டிகளிடமிருந்து சிறிய வண்டிகளைப் பிரித்ததன் பயன் இது.

மிதிவண்டி பழகும் சிறுவர்க்கு இந்நியாயம் இன்னும் பொருந்தும். நிலை தடுமாறி விழுவது பழகுவதன் ஒரு பகுதி. வாகனமில்லாப் பாதையில் விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போகலாம். சாலையில் விழுந்தால் பின்னால் வரும் சக்கரம் நமக்காகக் காத்திராது.

மலை மிதிவண்டி பிறந்த கதை

1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தாமல்பைஸ் என்னும் மலையருகே வாழ்ந்த இளைஞர்கள் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலைமேல் ஏற்றி, மண் பாதையில் உருட்டி விளையாடினர். இறக்கத்தில் இடைவிடாது பிரேக் பிடித்ததால் பின்சக்கரத்தின் குடம் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போயிற்று. ஒவ்வொரு முறையும் புதிய கிரீசை அடைக்க வேண்டியிருந்தது. அதனால் 1976இல் அங்கு தொடங்கிய பந்தயத்துக்கு ‘மீண்டும் அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயரே நிலைத்தது. மலை மிதிவண்டி வளர்ந்தது இத்தகைய விளையாட்டிலிருந்துதான்.

மலை வண்டிக்கும் சாலை வண்டிக்கும் இடைப்பட்டது சரளைப் பாதை வண்டி. சாலைப் பந்தய வண்டியின் டயர் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம். சரளை வண்டிக்கு 40 மில்லிமீட்டர் அளவிலும், மலை வண்டிக்கு 50 மில்லிமீட்டருக்கு மேலும் அகலமான டயர்கள் வழக்கம். ஆனால், சிறுவர் பழகுவதற்கு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. நல்ல பிரேக்கும் தேயாத டயரும் உள்ள சாதாரண வண்டியே எளிய மண் பாதைக்குப் போதும்.

புக்கிட் கியாரா

கோலாலம்பூரின் மேற்கே, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி நிற்கும் பசுங்குன்று புக்கிட் கியாரா. பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து செல்வோர் மூசியம் நெகாரா நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறி, வண்டி மாறாமலே அக்குடியிருப்பின் நிலையத்தில் இறங்கலாம். நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பயன்படுத்தும் ஒற்றையடிப் பாதைகள் பல அக்குன்றில் வளைந்து செல்கின்றன. தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கையுமாகப் பல ஆண்டுகள் உழைத்து அவற்றைச் செப்பனிட்டு வந்துள்ளனர்.

அக்குன்று ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பாதையோரத்தில் முதிர்ந்த பால்மரங்களை இன்றும் காணலாம். அம்மரங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், அரசு தோட்ட நிலத்தை எடுத்துக்கொண்டபின், 1980ஆம் ஆண்டுகளில் அருகிலேயே தற்காலிக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிலையான வீடு வேண்டும் என்பது அம்மக்கள் பல்லாண்டுகளாக வைத்த கோரிக்கை. தோட்ட நிலத்தின் ஒரு பகுதி கோல்ப் திடலாகவும், குதிரையேற்ற மன்றமாகவும், இடுகாடாகவும் மாறிற்று. எஞ்சிய பசுமையே மக்கள் உலாவும் இடமாயிற்று.

அப்பசுமைக்கும் சோதனை வந்தது. குன்றின் அடிவாரத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்ப அனுமதி வழங்கப்பட்டது. குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நீண்ட வீட்டு மக்களுக்குரிய வீடுகளும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது. பூங்காவும் வேண்டும், உழைத்தவருக்கு வீடும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது முறையன்று.

கல்லும் மண்ணும் கற்பிக்கும் பாடம்

சரளையில் வண்டி ஏன் வழுக்குகிறது? தார்ச் சாலையில் டயர் பற்றும் பரப்பு அசையாது. சரளையிலோ டயருக்கு அடியிலுள்ள கற்களே உருளுகின்றன. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது அகன்று படிந்து கூடுதலான கற்களைப் பற்றும். மிகவும் குறைத்தால் டயர் கல்லில் நசுங்கி, உள்ளிருக்கும் டியூப் ஓட்டையாகும். ஆகவே டயரில் குறித்துள்ள அளவு எல்லையைக் கடவாமல் காற்றைச் சரிசெய்க.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமும் நம் உடற்பாரமும் முன்சக்கரத்தின் மேல் சாய்கின்றன. அதனால் முன்பிரேக்கே வலியது. ஆனால், சரளையில் அதைத் திடுமென அழுத்தினால் முன்சக்கரம் உருளாமல் நின்று பக்கவாட்டில் வழுக்கும். அவ்விதம் வழுக்கிய வண்டியை நிமிர்த்துவது அரிது. எனவே வளைவு வருமுன்னரே, வண்டி நேராகச் செல்லும்போது, இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்க. இறக்கத்தில் மிதிகள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர மடக்கிக்கொள்க. பார்வை சக்கரத்தின் அடியில் அன்று, செல்ல வேண்டிய வழியில் இருத்தல் வேண்டும்.

இனிப் பாதையைப் பற்றி ஒரு சொல். சரிவில் நேர்க்கீழாகப் போகும் பாதையில் சக்கரம் பதிந்த தடம், அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். மண் அரித்துப்போய் வேரும் கல்லும் வெளியே தெரியும். சரிவுக்குக் குறுக்காக, சம மட்டத்தில் வளைந்து செல்லும் பாதையோ நெடுநாள் நிற்கும். இது தோட்டத்துப் பெரியோர்களுக்குப் புதிய செய்தியன்று. குன்றுகளில் படிப்படியாக மேடை வெட்டி, நிரை பிடித்து ரப்பர்க் கன்று நட்டதும் இதே நீதியால்தான். இன்று பாதை அமைப்போர் நூல்களில் படிப்பதை, நம் பாட்டன்மார் சாங்கோலும் கையுமாக நின்று செய்து காட்டினர்.

சக்கரம் செல்லத் தகாத மலைகள்

பாறை மலை எல்லாம் வண்டி ஓட்டும் இடம் என்று எண்ணிவிடலாகாது. நாம் தைப்பூசத்தன்று ஏறும் பத்துமலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழை நீரிலுள்ள சிறு அமிலம் அக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்ததால்தான் குகைகள் உண்டாயின.

அதற்குக் கிழக்கே, புக்கிட் தாபோர் எனப்படும் மலையை உள்ளடக்கிய வெண்ணிறப் படிகக்கல் முகடு 14 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. மிக முற்காலத்தில் கருங்கல் பாறையில் ஏற்பட்ட பிளவில் சூடான நீர்க் கரைசல் புகுந்து, அதிலிருந்த தாது படிகமாய் உறைந்தது. சுற்றியிருந்த பாறை தேய்ந்து போக, கடினமான படிகக்கல் சுவர்போல் எஞ்சி நின்றது. கிள்ளான் ஆறு அச்சுவரைப் பிளந்து வரும் வாயிலில்தான் 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டு முடிவுற்றது. வேறெங்கும் வளராத சில செடிகள் அம்முகட்டின் இடுக்குகளில் வாழ்கின்றன. கூரிய பாறையில் கால் தவறி உயிரிழந்தோரும் உண்டு. அது கண்ணால் கண்டு மகிழ வேண்டிய செல்வம். சக்கரம் உருள வேண்டிய இடமன்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

சிறுவர் தனியே செல்லலாகாது; பெரியவர் ஒருவரேனும் உடன் வருதல் வேண்டும். தலைக்கவசம் அணியாமல் ஏறுதல் கூடாது. நம் வட்டாரத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால் காலை வேளையே நன்று. மழை விட்டவுடன் ஈரப் பாதையில் ஓட்டினால் நமக்கும் ஆபத்து, பாதைக்கும் கேடு. நடப்போரைக் கண்டால் வேகம் தணித்து மணியடித்து, அவர்களுக்கு முதலில் வழிவிடுக. புதிய குறுக்குவழி வெட்டாதீர். குடிநீர்ப் புட்டியை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருக. எந்தப் பாதை திறந்துள்ளது, எங்கு அனுமதி வேண்டும் என்பதை முன்னதாகவே கேட்டறிக.

மலைப்பாதை வரை செல்ல வாய்ப்பில்லாதோர் வருந்த வேண்டா. கோலாலம்பூரில் 2014 முதல் ஞாயிறு காலைகளில் நகர்ச் சாலைகள் சிலவற்றைச் சில மணி நேரம் கார்களுக்கு மூடி, நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் விட்டுவிடும் வழக்கம் தொடங்கிற்று. மனம் இருந்தால் தார்ச் சாலையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மாணவர்களே! உங்கள் பாட்டன்மார் பிழைப்புக்காகச் சரளைச் சடக்கில் மிதித்தனர். நீங்கள் உடல்நலத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் மிதிக்கலாம். புக்கிட் கியாராவுக்குச் சென்றால், ஒரு பால்மரத்தின் அருகே வண்டியை நிறுத்தி, யார் இம்மரத்தை நட்டார், யார் வெட்டினார் என்று உடன் வந்த பெரியவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் கதையைக் கேட்டபின் அப்பாதையைக் காக்க வேண்டும் என்று உங்களுக்கு வேறொருவர் அறிவுரை கூறத் தேவையிராது.