பெரிய சக்கரம் பூட்டலாமா?

"இது ஆண்கள் விவகாரம்" என்று தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. நாமக்கல்லிலும் சேலத்திலும் நீங்கள் பேரம் பேசி வாங்குகிற கொல்லிமலை மிளகு, பலா, அன்னாசி, வாழைத்தார் எல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்ன பிக்கப் வண்டிகளில்தான் மலையிலிருந்து இறங்குகின்றன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! எண்ணிக்கொண்டே போகலாம் என்று உற்சாகமாக ஆரம்பிப்பவர்கள்கூட, பாதி வழியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்று உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அதை வாங்கியபோது உங்கள் வளையல்களும் வங்கிக்குப் போயிருக்கலாம். ஒருநாள் கணவரோ தம்பியோ வந்து, "எல்லோரும் பெரிய சக்கரம் போட்டிருக்கிறார்கள், வண்டி என்ன கம்பீரமாக நிற்கிறது தெரியுமா? நாமும் போட்டுவிடலாம்" என்று பணம் கேட்பார். அப்போது, "எனக்கென்ன தெரியும்?" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள்.

எண்களின் பாஷை

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பதுபோல எழுதியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதை வைத்துக் கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் 733. இன்னும் ஆசைப்பட்டு 265/75 ஆர் 15 போட்டால் 778.

சக்கரம் பெரிதானால், ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும். ஆனால் வேகமானி பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். முள் 60 காட்டும்போது, 235 டயரில் உண்மை வேகம் ஏறக்குறைய 62½. 265 டயரில் 66 கிலோமீட்டருக்கும் மேல்.

மலையில் நடப்பது என்ன?

"சரி, உயரமாவது கிடைக்கிறதே!" என்பார்கள். உண்மைதான். தோட்டத்து மண்பாதையில் கல்லும் மேடும் அடியில் இடிக்காமல் போக அது உதவும். எவ்வளவு உயரம்? 235 டயர் போட்டால் 15 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் கனம். அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள்.

எஞ்சினின் சக்தி மாறவில்லை, சக்கரம்தான் பெரிதாகிவிட்டது. எனவே தரையைத் தள்ளும் விசை குறைகிறது. 265 டயரானால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பாரத்தோடு வளைவில் ஏறும்போது கிளட்ச் தேயும். டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

இறங்கும்போதுதான் கவலை அதிகம். பலாப்பழ லோடோடு இறங்குகிற வண்டியை, தாழ்ந்த கியரில் எஞ்சினே பிடித்து நிறுத்த வேண்டும். பெரிய சக்கரத்தில் அந்தப் பிடியும் தளரும். பிரேக்கின் பிடியும் அதே அளவில் குறையும். போதாததற்கு வண்டியின் பாரம் உயரத்துக்கு ஏறிவிடுவதால், வளைவில் சாயும் குணமும் கூடும்.

கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

முதலாவது: "இந்த அளவை வண்டிக் கம்பெனி அனுமதித்திருக்கிறதா?" கையேட்டிலும், சில வண்டிகளில் ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள சீட்டிலும் இதற்குப் பதில் கிடைக்கும்.

இரண்டாவது: "பாரம் தாங்குமா?" டயரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு பாரக் குறியெண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும்; 104 என்றால் 900 கிலோ. பழைய டயரின் எண்ணைவிடப் புதியதன் எண் குறையவே கூடாது. பளபளக்கும் 17 அங்குல ரிம்மில் 225/60 டயரைப் போட்டால் மொத்த உயரம் அநேகமாகப் பழையபடியே இருக்கும்; ஆனால் பக்கச் சுவர் 161 மில்லிமீட்டரிலிருந்து 135 ஆகிவிடும். குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்மில் விழும். காருக்கு அழகாயிருப்பது லோடு வண்டிக்கு ஆகாது.

மூன்றாவது: "முழுக்க ஒடித்தால் உரசுமா?" பாரம் ஏற்றிய நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கடை வாசலில் காலி வண்டியில் உரசாத டயர், கொண்டை ஊசி வளைவில் உரசும். ரிம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

நாலாவது: "சட்டம் என்ன சொல்கிறது?" 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார்.

நாலுக்கும் திருப்தியான பதில் வந்தால் தாராளமாகப் பணம் கொடுங்கள். வராவிட்டால், அதே பணத்தில் கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல டயர்கள் வாங்கச் சொல்லுங்கள். டயரில் நாலு இலக்கமாகத் தயாரிப்புத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். அதுவும் அதே அளவில், காற்றோடு இருக்க வேண்டும். மிச்சமிருந்தால் பிரேக்கைச் சரிபார்க்கட்டும்.

வண்டி கம்பீரமாக நிற்பதைத் தெருவே பார்த்துப் பாராட்டலாம். ஆனால் இரவு எட்டு மணிக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு, அது 70 வளைவும் இறங்கி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்ப்பவர் நீங்கள்தானே? கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுக்கே அதிகம்!